செல் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும்? விடை, புரதம் 'எங்கே' இருக்கிறது என்பதில்

தாத்தா, பாட்டி தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் என்றால், அந்த வீட்டில் கள்ளுக்கடைக் கதை ஒன்றாவது இருக்கும். காலனி ஆட்சிக் காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்ட நிர்வாகங்களே கள்ளுக்கடை நடத்தின. சம்பளத்தின் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோன குடும்பங்கள் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய வரலாறு. இங்கே நமக்குத் தேவை, அந்தக் கள்ளைக் கள்ளாக மாற்றும் ஈஸ்ட்.

தென்னம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்பான சாற்றைச் சில மணி நேரத்தில் நுரைக்க வைப்பவை ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் உயிர்கள். அவற்றில் பெரும்பாலானவை ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டின் வகையைச் சேர்ந்தவை. ஒரு மொட்டு விட்டு, அந்த மொட்டு பெரிதாகிப் பிரிந்து போகும். ஆனால் இலங்கைத் தென்னங்கள்ளையும் மேற்கு ஆப்பிரிக்கப் பனங்கள்ளையும் ஆராய்ந்தவர்கள் வேறொரு ஈஸ்ட்டையும் கண்டிருக்கிறார்கள். மாத்திரை கேப்ஸ்யூல் போன்ற நீளமான உருவம். மொட்டு எல்லாம் கிடையாது. நீளமாக வளரும், சரியாக நடுவில் சுவர் எழுப்பும், இரண்டாகப் பிரியும்.

அதன் பெயர் ஸ்கிசோசாக்கரோமைசிஸ் போம்பே. 'போம்பே' என்றால் சுவாஹிலி மொழியில் பீர். 1893இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தினை பீரிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். வாயில் நுழையவில்லை என்றால் 'பிளவு ஈஸ்ட்' என்று வைத்துக்கொள்ளலாம்.

படிவம் 4 உயிரியலில் செல் பிரிதல் பாடம் படித்தவர்களுக்கு குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் படம் நினைவிருக்கும். அந்தப் படம் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு: 'இப்போது பிரியலாம்' என்று செல்லுக்கு யார் சொல்வது? நம் உடலில் இந்த முடிவு தவறான நேரத்தில், தவறான இடத்தில், நிறுத்தாமல் எடுக்கப்பட்டால் அதற்குப் பெயர் புற்றுநோய்.

'வீ' என்றால் சின்னது

பிளவு ஈஸ்ட் பிறக்கும்போது சுமார் 7 மைக்ரோமீட்டர் நீளம் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி, அதில் ஏழு பங்கு. சுமார் 14 மைக்ரோமீட்டர் வந்ததும் பிரியும். 10இல் பிரியாது, 20 வரை காத்திருக்காது. மூளையும் இல்லை, அளவுகோலும் இல்லை, எப்படி இவ்வளவு துல்லியம்?

1970களில் எடின்பரோவில் பால் நர்ஸ் என்ற இளம் ஆய்வாளர், சீக்கிரமே பிரிந்து குட்டையாகவே இருக்கும் சில ஈஸ்ட்டுகளைக் கண்டார். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'வீ' என்றால் சின்னது. மரபணுவுக்கு 'வீ1' என்று பெயர் வைத்தார். வீ1 புரதம் ஒரு பிரேக். அது கெட்டுப்போனால் செல் அவசரப்பட்டுப் பிரிகிறது. இந்த பிரேக் பிடித்து வைத்திருப்பது, இன்று சிடிகே1 என்று அழைக்கப்படும் இன்னொரு புரதத்தை. செல் பிரிதலைத் தொடங்கி வைக்கும் எஞ்சின் அது.

1987இல் நர்ஸும் மெலனி லீயும் செய்த சோதனை இதைவிடப் பெரிய செய்தி. சிடிகே1 பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுவைப் போட்டார்கள். ஈஸ்ட் பிழைத்தது, ஒழுங்காகப் பிரிந்தது. கள்ளுப் பானையில் இருக்கும் உயிருக்கும் நமக்கும் பொது மூதாதை நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அத்தனைக்குப் பிறகும் எஞ்சின் அதேதான். 2001இல் மருத்துவ நோபல் பரிசு நர்ஸ், லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹண்ட் மூவருக்கும் கிடைத்தது.

சரி, எஞ்சினும் பிரேக்கும் கிடைத்தாயிற்று. அந்த பிரேக்கிலிருந்து கால் எடுக்க வேண்டிய நேரம் எப்படித் தெரிகிறது?

சிங்கப்பூரில் கிடைத்த ஒரு துப்பு

பினாங்கில் இரவு பஸ் ஏறினால் காலையில் இறங்கும் தூரத்தில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் பிளவு ஈஸ்ட்டை ஆராய்ந்தவர் மோகன் பாலசுப்பிரமணியன். இப்போது இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். செல்லை நடுவில் இறுக்கி இரண்டாக்கும் வளையம் எப்படி உருவாகிறது, எங்கே உருவாகிறது என்பது அவர் குழுவின் நீண்டகாலக் கேள்வி.

வளையத்துக்கு 'இங்கே நில்' என்று நடுவில் அடையாளம் போடும் புரதம் மிட்1. அது இல்லாத ஈஸ்ட்டில் வளையம் கோணல்மாணலாக எங்கெங்கோ உருவாகும். ஆனால் ஒரு விஷயம் கவனத்தை ஈர்த்தது. எவ்வளவு கோணலாகப் போனாலும், செல்லின் இரண்டு முனைகளில் மட்டும் சுவர் எழுவதில்லை. யாரோ அங்கே காவல் இருக்கிறார்கள்.

2007இல் இந்தக் குழு காவலர்களின் பெயரை வெளியிட்டது: டீ1, டீ4, போம்1. மூன்றும் செல்லின் முனைகளில் குவிந்திருக்கும் புரதங்கள். மிட்1 இல்லாத செல்லில் இவற்றில் ஒன்றையும் நீக்கினால், முனையிலும் சுவர் வந்துவிடுகிறது. முனையில் சுவர் எழுந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் எல்லாம் இருக்கும், மறுபக்கம் டிஎன்ஏவே இல்லாத வெறும் பை. வீட்டை அண்ணன் தம்பி பிரிக்கும்போது கூடத்தின் நடுவில் சுவர் வைக்காமல் வாசல்படியில் வைத்தது போல.

போம்1 செய்வது, 'இங்கே கூடாது' என்று சொல்வது மட்டும்தான். அதைச் சொல்ல அதற்கு உதவுவது அது இருக்கும் இடம். அதே போம்1 செல் முழுக்கப் பரவியிருந்தால், 'எங்கேயுமே கூடாது' என்று ஆகிவிடும்.

இடமே அளவுகோல் ஆனால்?

2009இல் சுவிட்சர்லாந்தில் சோஃபி மார்ட்டின் குழுவும், நியூயார்க்கில் நர்ஸ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் மோஸ்லி குழுவும் ஒரே நேரத்தில் ஒரே விடையுடன் வந்தன. 'எங்கே' என்பதைச் சொல்லும் போம்1, 'எப்போது' என்பதையும் சொல்லக்கூடும் என்பதுதான் அந்த விடை.

சங்கிலி இப்படிப் போகிறது. வீ1 பிரேக் என்று பார்த்தோம். அந்த பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைப்பது சிடிஆர்2 என்ற புரதம். இது செல்லின் நடுப்பகுதியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். சிடிஆர்2வைத் தடுப்பது போம்1. அது முனைகளில் அதிகமாகவும், நடுவை நோக்கி வர வரக் குறைவாகவும் இருக்கும். சாம்பிராணி போட்ட அறையில் புகை மூலையில் அடர்த்தியாக இருந்து, தள்ளிப் போகப் போக மெல்லியதாகிறதே, அப்படி.

செல் குட்டையாக இருக்கும்போது முனைக்கும் நடுவுக்கும் தூரம் குறைவு. போம்1இன் 'புகை' நடுவரை எட்டும். சிடிஆர்2 அடங்கி இருக்கும், பிரேக் பிடித்தபடியே இருக்கும். செல் நீளமாக வளர வளர முனைகள் விலகிப் போகின்றன. ஒரு கட்டத்தில் நடுவில் போம்1 போதுமான அளவு இல்லை. சிடிஆர்2 வேலையைத் தொடங்குகிறது, பிரேக் விடுபடுகிறது, எஞ்சின் ஓடுகிறது.

புரதத்தின் அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்பதை வைத்தே செல் தன் நீளத்தை அளந்துவிடுகிறது. அழகான விளக்கம், இல்லையா?

கொஞ்சம் அதிகப்படியாகவே அழகு. 2013, 2014இல் நர்ஸ் ஆய்வகமும் வேறு குழுக்களும் போம்1 இல்லாத ஈஸ்ட்டுகளை அளந்து பார்த்தன. அவை கொஞ்சம் குட்டையாகப் பிரிந்தன, உண்மைதான். ஆனால் தங்கள் அளவைச் சரிபார்க்கும் திறனை இழக்கவில்லை. நடுவில் சேரும் சிடிஆர்2 புள்ளிகளே செல்லின் மேற்பரப்பு எவ்வளவு என்று அளக்கின்றன என்ற கருத்து அதன் பிறகு வலுப்பெற்றது. போம்1 அந்த அளவை மாற்றியமைக்கும் ஒரு திருகு மாதிரி. பாடப்புத்தகத்தில் 2009 கதையை மட்டும் படித்தவர்கள் இந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது. இரண்டு விளக்கத்திலும் மாறாமல் இருப்பது ஒன்று: கணக்கைப் போடுவது புரதம் கூடியிருக்கும் இடம்.

நம் செல்லுக்குள்: தீவும் பாலமும்

மனித செல்லில் விவகாரம் இன்னும் சிக்கல். டிஎன்ஏ முழுவதும் நியூக்ளியஸ் என்ற அறைக்குள் இருக்கிறது. வெளியே இருப்பது சைட்டோபிளாசம். பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நியூக்ளியஸ் தீவு, சைட்டோபிளாசம் செபராங் பிறை. நடுவில் பாலங்கள். தீவுக்கு இரண்டு பாலம்தான், ஒரு நியூக்ளியஸுக்கோ ஆயிரக்கணக்கில் துளைகள் உண்டு.

2019 ஜனவரி முதல் பினாங்குப் பாலங்களில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது, காருக்கும் லாரிக்கும் உண்டு. நியூக்ளியஸ் துளைகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சிறிய புரதங்கள் சும்மா போய் வரலாம். பெரியவை அட்டை காட்ட வேண்டும். அந்த அட்டை, புரதத்தின் உடலிலேயே எழுதப்பட்ட ஒரு குறுகிய அமினோ அமில வரிசை. 1984இல் ஒரு குரங்கு வைரஸின் புரதத்தில் இது முதன்முதலாகத் துல்லியமாக அடையாளம் காணப்பட்டது. வெறும் ஏழு அமினோ அமிலங்கள். அதில் குறிப்பிட்ட ஒன்றை மாற்றினால் போதும், புரதம் உள்ளே போக முடியாமல் வெளியே நின்றுவிடும். உள்ளே போக ஓர் அட்டை என்றால், வெளியே வர வேறோர் அட்டை. நம் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல், செல்லில் இரண்டு பக்கமும் சோதனை.

இப்போது சைக்ளின் பி1 என்ற புரதத்தைப் பார்ப்போம். சிடிகே1 எஞ்சினுக்கு இது சாவி. பிரிவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே செல் இதைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிடும். ஆனால் சேர்த்து வைப்பது சைட்டோபிளாசத்தில். 1991இல் ஜொனதன் பைன்ஸும் டோனி ஹண்டரும் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். செல் பிரிதல் தொடங்கும் நேரத்தில், நியூக்ளியஸின் சுவர் உடைவதற்குச் சற்று முன், சைக்ளின் பி1 திபுதிபுவென்று உள்ளே நுழைகிறது.

அதுவரை அது வெளியே சும்மா உட்கார்ந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போய் வருபவர் மாதிரி, உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது. உள்ளே போகும் வேகத்தைவிட வெளியே தள்ளப்படும் வேகம் அதிகம், அவ்வளவுதான். நேரம் வரும்போது அதன் மீது பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. வெளியே வரும் அட்டை வேலை செய்யாமல் போகிறது. போனவர் திரும்புவதில்லை. நியூக்ளியஸ் நிரம்பிவிடுகிறது.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. புதிதாகப் புரதம் தயாரிக்க நேரம் பிடிக்கும். தயாராக இருப்பதை இடம் மாற்றச் சில நிமிடங்கள் போதும். டிஎன்ஏவில் பழுது தெரிந்தால் அதே வேகத்தில் நிறுத்தவும் முடியும். சைக்ளின் பி1ஐ வெளியிலேயே வைத்திருப்பது அந்தத் தடைகளில் ஒன்று.

இடம் மாறினால் நோய்

புரதம் கெடாமல், அளவும் கூடாமல், இடம் மாறியதாலேயே ஆபத்து வருமா? வரும். அதற்குத் தெளிவான உதாரணம் ரத்தப் புற்றுநோயில் இருக்கிறது.

என்பிஎம்1 என்ற புரதத்தின் வழக்கமான இருப்பிடம் நியூக்ளியஸுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ். 2005இல் இத்தாலியின் பெருஜியாவில் புருனாங்கெலோ ஃபாலினி தலைமையிலான குழு, கடுமையான மைலாய்டு லுகேமியா வந்த பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புரதம் சைட்டோபிளாசத்தில் கிடப்பதைக் கண்டது. காரணம், மரபணுவின் கடைசிப் பகுதியில் பெரும்பாலும் 4 டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருப்பது. அந்த நான்கு எழுத்தால் இரண்டு மாற்றம். நியூக்ளியோலஸில் பிடித்து நிறுத்தும் பிடி போய்விடுகிறது. அதோடு, வெளியே போகும் அட்டை ஒன்று புதிதாக எழுதப்பட்டுவிடுகிறது. புரதத்தின் மற்ற உடல் அப்படியே இருக்கிறது, விலாசம்தான் மாறிவிட்டது. இன்று இந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது இந்த லுகேமியாவின் வழக்கமான சோதனைகளில் ஒன்று. சிகிச்சைத் திட்டமே அதைப் பொறுத்து மாறலாம்.

அப்படியென்றால் வெளியே போகும் வாசலை அடைத்தால் என்ன? மருந்து ஆய்வாளர்கள் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். புரதங்களை நியூக்ளியஸிலிருந்து வெளியே கொண்டுபோகும் முக்கிய வாகனம் எக்ஸ்பிஓ1. செல் பிரிதலைத் தடுக்கும் பி53 போன்ற காவல் புரதங்களையும் பல புற்றுநோய்ச் செல்கள் இந்த வழியாக வெளியே அனுப்பிவிடுகின்றன. எக்ஸ்பிஓ1ஐ அடைக்கும் செலினெக்ஸார் மாத்திரைக்கு, மல்டிப்பிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக 2019இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த வாசல் நல்ல செல்களுக்கும் பொது. குமட்டல், களைப்பு, ரத்தத் தட்டணுக்கள் குறைதல் என்று பக்க விளைவுகள் கடுமையாகவே இருக்கின்றன.

வீட்டுக்கு வரும் அறிக்கையில் இது எங்கே?

இதெல்லாம் ஆய்வகத்து விஷயம் என்று தோன்றலாம். ஆனால் மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். அந்த பயாப்ஸி அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ அதைப் படித்துச் சொல்லும் வேலை வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கு வந்து சேரும். தஞ்சோங் பூங்காவில் உள்ள மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையானாலும், கெப்பாளா பத்தாஸ் பக்கம் பெர்த்தாமில் உள்ள யுஎஸ்எம் மருத்துவ மையமானாலும், அறிக்கையின் மொழி ஏறக்குறைய ஒன்றுதான். அதில் மூன்று வரிகள் நேரடியாக 'புரதம் எங்கே' என்ற கேள்விக்கான விடை.

முதலாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. நோயியல் நிபுணர் திசுத் துண்டுக்குச் சாயம் ஏற்றி, பழுப்பு நிறம் எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பார். நியூக்ளியஸில் பிடித்த நிறம் மட்டுமே கணக்கு. 1 சதவீதச் செல்களிலாவது நியூக்ளியஸ் நிறம் ஏறியிருந்தால் 'பாசிட்டிவ்'. ஏன் நியூக்ளியஸ்? இந்த ஏற்பி டிஎன்ஏ மீது அமர்ந்து, செல் பிரிதலைத் தூண்டும் மரபணுக்களை இயக்கும் புரதம். டமோக்சிஃபென் போன்ற மாத்திரைகள் அந்த வேலையைத்தான் தடுக்கின்றன.

இரண்டாவது ஹெர்2. இங்கே கணக்கு தலைகீழ். செல்லின் வெளிச்சவ்வில் பிடித்த நிறம்தான் செல்லும், சைட்டோபிளாசத்தில் தெரியும் நிறத்தைச் சேர்க்கமாட்டார்கள். 10 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சவ்வைச் சுற்றி முழுமையாக, அழுத்தமாக நிறம் இருந்தால் 3+. இதற்கான டிராஸ்டுஸுமாப் ஓர் ஆன்டிபாடி. அது ஹெர்2 புரதத்தின் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் போய் ஒட்டும். 2+ என்று வந்தால் அது 'பாதி பாசிட்டிவ்' கிடையாது. முடிவு சொல்ல முடியவில்லை, மரபணுப் பிரதிகளை எண்ணும் 'ஃபிஷ்' போன்ற இன்னொரு சோதனை வேண்டும் என்று பொருள். அந்தச் சோதனை முடிந்ததா என்று கேட்க மறக்க வேண்டாம்.

மூன்றாவது கேஐ-67. பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் நியூக்ளியஸில் இருக்கும், ஓய்வில் இருக்கும் செல்களில் இருக்காது. '30 சதவீதம்' என்றால், எண்ணிய புற்றுநோய்ச் செல்களில் நூற்றுக்கு முப்பது பிரிதல் சுழற்சிக்குள் இருக்கின்றன. புற்றுநோய் உடலில் 30 சதவீதம் பரவிவிட்டது என்று இதைப் படித்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கும் பரவலுக்கும் சம்பந்தம் இல்லை.

சாயம் சரியாகப் பிடிக்க, எடுத்த திசுவை உடனே ஃபார்மலினில் போட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். இது தவறினால் இருக்கும் புரதமும் தெரியாமல் போகலாம். சோதனை முடிந்த பிறகு மீதித் திசுவை மெழுகுக் கட்டியாக ஆய்வகம் பத்திரப்படுத்தி வைக்கும். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதாக இருந்தால், அறிக்கையின் நகலோடு இந்தக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிப் போகலாம். அதே திசுவில் மறுபடியும் சாயம் ஏற்றிப் பார்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும் புதிதாக ஊசி குத்தத் தேவைப்படாது.